வாணலியிலிருந்து தண்ணீரைத் துரத்திய கதை

மகள் வீகனாக மாறிய முதல் வாரத்தில் ஒரு நாள், ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பில் வந்தது. பால், தயிர், வெண்ணெய், முட்டை, தேன் எதுவும் கூடாது என்று விரலை மடக்கி மடக்கிச் சொல்லிவிட்டுப் போனாள். இதில் என்ன கஷ்டம், காய்கறிகளை வாணலியில் புரட்டி மேலே ஒரு சாஸ் ஊற்றினால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கால் கிலோ காளான், ஒரு சுக்கினி, இரண்டு குடைமிளகாய், ஒரு ப்ரோக்கோலி, ஒரு பெரிய வெங்காயம். எல்லாவற்றையும் ஒரே அளவில் அழகாக நறுக்கி வைத்தேன். எண்ணெய் காய்ந்ததும் ஒரே மூச்சில் கொட்டினேன். சொய்ங் என்று ஒரு சத்தம். இரண்டு விநாடிகூட நிற்கவில்லை, அடங்கிவிட்டது. ஐந்தாவது நிமிடத்தில் வாணலிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டை. அதில் காளான் மிதக்கிறது, சுக்கினி கரைகிறது, ப்ரோக்கோலி மட்டும் எதற்கும் அசையாமல் பச்சையாக நிற்கிறது. மகள் வந்து கரண்டியால் ஒரு கிளறு கிளறிப் பார்த்தாள். "அப்பா, இது சூப்பா, வறுவலா? அதை முதல்ல சொல்லுங்க" என்றாள்.

அன்றைக்கு நடந்த தப்பு புரிவதற்கு அதே தப்பை ஏழெட்டு தடவை செய்ய வேண்டியிருந்தது. தீயைக் கூட்டிப் பார்த்தேன். எண்ணெயை இன்னும் ஊற்றினேன். மூடி வைத்தேன், அது இன்னும் மோசம். கடைசியில்தான் தெரிந்தது, பிரச்சினை எண்ணெயிலோ தீயிலோ இல்லை, தண்ணீரில்.

காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சுக்கினியில் அதையும் தாண்டி 95 சதவீதம் வரை. முக்கால் கிலோ காயை வாணலியில் கொட்டினால், காய் வேஷத்தில் அரை லிட்டருக்கும் மேலான தண்ணீரைக் கொட்டுகிறோம் என்று அர்த்தம். அந்தத் தண்ணீர் இருக்கிறவரை காயின் மேற்புறம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. ஆனால் காய் சிவந்து, வறுத்த மணம் எழுவதற்குச் சுமார் 140 டிகிரியாவது வேண்டும். சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து செய்கிற இந்த வேலைக்கு மைலார்ட் வினை என்று பெயர், 1912இல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளரின் பெயரால். சரி, தீயைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் போய்விடாதா? போகாது. ஒரு கிராம் தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல 5 மடங்குக்கும் மேல் வேண்டும், அதே கிராமை ஆவியாக்க. வீட்டு அடுப்பு பாவம், அரை லிட்டரை எவ்வளவு நேரம்தான் விரட்டும்? அது விரட்டி முடிப்பதற்குள் காய் குழைந்துவிடுகிறது.

நம் மொழியில் இதற்கு இருக்கிற சொல்லைக் கவனித்தேன். வதக்குதல். வதங்க வைப்பது. வாடிய பூவுக்கும் அதே சொல்தான். காயைச் சுருள வதக்கு என்றால் ஈரத்தோடு மெதுவாகத் துவள விடு என்று பொருள். அது ஒரு நல்ல வேலை, ஆனால் இந்தச் சமையலுக்கு வேண்டியது அது இல்லை. இங்கே காயின் ஒரு முகமாவது முறுக வேண்டும், உள்ளே கொஞ்சம் கடிபட வேண்டும். நான் முறுகலை எதிர்பார்த்துக்கொண்டு கை பழகிய வாக்கில் வதக்கிக்கொண்டிருந்தேன்.

பாத்திரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பேன் என்று எழுதினால் தலையில் ஊர்வது ஞாபகத்துக்கு வருகிறது, அதனால் வாணலி என்றே எழுதுகிறேன். ஆனால் குழிந்த வாணலி இதற்கு உதவாது. அடி தட்டையாக, சுவர் குட்டையாக இருக்கிற ரகம்தான் வேண்டும். குழியில் காய்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, அடியில் இருப்பதற்கு மட்டும் சூடு கிடைக்கும், மேலே இருப்பது அதன் ஆவியில் வேகும். என்னிடம் இருப்பது 28 சென்டிமீட்டர் அகலமுள்ள வார்ப்பிரும்பு வாணலி. அதில் ஒரு தடவைக்கு 300 கிராம் காய்க்கு மேல் போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். காய்க்கும் காய்க்கும் நடுவில் அடி தெரிய வேண்டும், அந்த இடைவெளியில்தான் ஆவி வெளியேறுகிறது.

இரும்பு நிதானமாகச் சூடாகும், அதுவும் ஒரே சீராக ஆகாது. மிதமான தீயில் ஐந்து நிமிடம் காலியாகக் காய விடுகிறேன். சூடு ஏறிவிட்டால் சட்டென்று இறங்காது, குளிர்ந்த காய் விழுந்தாலும் தாங்கும், அதுதான் அதன் பலம். எவர்சில்வர் வாணலியென்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். சொட்டு உடனே கொதித்து மறைந்தால் இன்னும் காய வேண்டும். பாதரசம் மாதிரி உருண்டு ஓடினால் எண்ணெய் ஊற்றும் நேரம். ஒட்டாத பூச்சுள்ள வாணலியை மட்டும் காலியாக அதிகத் தீயில் வைக்கக் கூடாது, 260 டிகிரி வாக்கில் அந்தப் பூச்சு கெடத் தொடங்கிவிடும். தவிர, அதில் எதுவும் ஒட்டாது என்பதே இந்தச் சமையலுக்கு ஒரு குறை. ஏன் என்று பின்னால் வரும்.

இப்போது காளான். எனக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தது காளான்தான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பச்சைக் காளான் ஒரு பஞ்சு. உள்ளே காற்றறைகள். எண்ணெயில் போட்டால் ஊற்றிய அத்தனையையும் ஒரே நொடியில் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். நானும் அப்பாவியாக இன்னும் ஊற்றியிருக்கிறேன். இப்போது தலைகீழாகச் செய்கிறேன். காய்ந்த வாணலியில் எண்ணெய் இல்லாமல் காளானைப் பரப்பி, ஒரு சிட்டிகை உப்பைத் தூவி, அப்படியே விட்டுவிடுகிறேன். முதலில் ஒன்றும் நடக்காது. இரண்டு நிமிடத்தில் கீச்கீச்சென்று ஒரு மெல்லிய முனகல். பிறகு ஓரங்களில் தண்ணீர் கசிந்து, வாணலி முழுக்கக் குமிழ்விட்டுக் கொதிக்கும். பழைய நான் இங்கேதான் பயந்து கிளறத் தொடங்கியிருப்பேன். இப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். ஐந்தாறு நிமிடத்தில் குமிழ்கள் குறைந்து, கொதிக்கிற சத்தம் மாறி சடசடவென்று ஒரு சத்தம் வரும். காதைக் கொடுத்தால் அந்த மாற்றம் தெளிவாகக் கேட்கும். தண்ணீர் தீர்ந்தது என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி இல்லை. காளான் பாதியாகச் சுருங்கி, காற்றறைகள் நசுங்கிப்போயிருக்கும். இப்போது ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும், அதைக் குடிக்கப் பஞ்சு இல்லை. இன்னும் மூன்று நிமிடத்தில் ஓரம் கருஞ்சிவப்பாக முறுகிவிடும்.

இவ்வளவு நேரம் வேகவிட்டால் குழையாதா என்ற பயம் வேண்டாம். மற்றக் காய்களின் செல் சுவரைப் பிடித்து வைத்திருப்பது பெக்டின், சூட்டில் அது இளகும், காய் குழையும். காளானின் செல் சுவரில் இருப்பது கைட்டின், நண்டு ஓட்டில் இருக்கிற அதே வகைப் பொருள். அது சமையல் சூட்டுக்கு மசியாது. அதனால் நேரத்தில் தப்பு செய்கிறவர்களுக்குக் காளானைப் போல மன்னிக்கிற காய் கிடையாது. காளான் காயே இல்லை என்று மகள் திருத்துவாள், அது வேறு விஷயம்.

சுக்கினி நேர் எதிர். வெள்ளரி ஜாடையில் இருந்துகொண்டு, ஒரு நிமிடம் அதிகமானாலும் கூழாகிவிடும். ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு அரைவட்டமாக நறுக்கி, துணியில் ஒற்றி, நல்ல தீயில் தட்டையான முகம் அடியில் படும்படி ஒவ்வொன்றாக வைக்கிறேன். மூன்று நிமிடம் தொடுவதில்லை. திருப்பி ஒரு நிமிடம், எடுத்துவிடுகிறேன். உப்பு கடைசியில்தான். முன்னாலேயே போட்டால் வாணலியிலேயே அழத் தொடங்கிவிடும்.

குடைமிளகாயும் வெங்காயமும் சொன்னபடி கேட்கும், விசேஷமாக ஒன்றும் இல்லை. ப்ரோக்கோலிப் பூவை நெடுக்காக இரண்டாகப் பிளந்தால் ஒரு தட்டை முகம் கிடைக்கிறது. அந்த முகத்தைச் சிவக்க விட்டு, அப்புறம் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, இரண்டு நிமிடம் மட்டும் மூடி வைத்தால் தண்டும் வெந்துவிடும். கேரட்டுக்கும் இதே வழிதான், மூடும் நேரம் ஒரு நிமிடம் கூடுதல். தண்ணீரை விரட்டு என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு நானே தண்ணீர் தெளிக்கிறேனே என்றால், வரிசைதான் விஷயம். சிவந்த பிறகு ஈரம் பட்டால் சிவப்பு போய்விடாது. ஈரத்திலிருந்து தொடங்கினால் சிவப்பு வரவே வராது.

கழுவிய காயை ஈரம் சொட்டச் சொட்ட வாணலியில் போடுகிற பழக்கம் எனக்கு வெகு காலம் இருந்தது. இப்போது கழுவியதும் ஒரு துணியில் பரப்பிவிட்டுத்தான் வெங்காயம் உரிக்கவே உட்காருகிறேன்.

ஆகவே ஒவ்வொரு காயாக வறுத்து, ஒரு அகலத் தட்டில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கிண்ணத்தில் குவிக்காதீர்கள், சூட்டில் அவை ஒன்றையொன்று அவித்துவிடும். நேரம் அதிகம் ஆகுமே என்று நானும் நினைத்தேன். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், மொத்தம் 25 நிமிடம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, தண்ணீர் வற்றுமா வற்றுமா என்று காத்திருந்த நாட்களிலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆனது.

கடைசிக் காயை எடுத்த பிறகு வாணலியின் அடியைப் பாருங்கள். அங்கங்கே பழுப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். அடிப்பிடித்தால் திட்டு வாங்கி வளர்ந்தவன் நான். அதைப் பார்த்ததும் தண்ணீர் ஊற்றித் தேய்க்கத்தான் கை போகும். ஆனால் அத்தனை காய்களின் சர்க்கரையும் சாறும் வற்றிச் சிவந்து அங்கேதான் குடியிருக்கின்றன. சாஸுக்கு மூலதனமே அதுதான். ஒட்டாத வாணலியை நான் குறை சொன்னதும் இதற்காகத்தான், அதில் இந்தப் படலம் சரியாகப் பிடிப்பதில்லை. ஒரே நிபந்தனை, நிறம் பழுப்பாக இருக்க வேண்டும். கறுத்துவிட்டால் கசப்பு. ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கசந்தால் யோசிக்காமல் வாணலியைக் கழுவிவிட்டு, புதிதாக ஒரு வெங்காயத்தை வதக்கி அதிலிருந்து சாஸைத் தொடங்குகிறேன். கசப்பைச் சர்க்கரை போட்டுச் சரிக்கட்டலாம் என்று ஒரு தடவை முயன்றேன். இனிக்கிற கசப்பு கிடைத்தது.

சாஸ் செய்வதில் என் தோல்விகளைத் தனியாகவே எழுதலாம். வழக்கமாக இந்த மாதிரி சாஸின் முடிவில் ஒரு துண்டு குளிர்ந்த வெண்ணெயைப் போட்டு அடிப்பார்கள். வெண்ணெயில் இருக்கிற பால் புரதமும் கூட இருக்கிற சில பொருட்களும் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்துக்கொள்ளும், சாஸ் பளபளவென்று கரண்டியில் படியும். வெண்ணெய் இல்லையே, எண்ணெய் ஊற்றினால் ஆகாதா என்று ஆலிவ் எண்ணெயை ஊற்றினேன். மஞ்சள் மஞ்சளாகக் கண்கள் மாதிரி மேலே மிதந்தது. அடுத்த தடவை சோள மாவை நேரடியாகக் கொதிக்கிற சாஸில் தூவினேன், பட்டாணி பட்டாணியாகக் கட்டி தட்டியது. சோள மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்று அதற்கப்புறம் கற்றுக்கொண்டேன். கட்டி வரவில்லை, பளபளப்பும் வந்தது. ஆனால் வாயில் வழவழப்பு மட்டும்தான், அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

எனக்கு ஒத்துவந்தது எள் விழுது. தஹினி என்று விற்கிறார்களே, அது. கொழுப்பும் புரதமும் சேர்ந்தே இருப்பதால் வெண்ணெயின் வேலையைச் செய்துவிடுகிறது. முதல் தடவை மட்டும் மனசைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். விழுதில் ஒரு கரண்டி சுடுநீரை விட்டுக் கலக்கினால் இளகுவதற்குப் பதிலாகக் களிமண் மாதிரி இறுகும். கெட்டுப்போய்விட்டது என்று நான் ஒரு கிண்ணம் விழுதைத் தூக்கி எறிந்திருக்கிறேன். எறியத் தேவையில்லை. இன்னும் இரண்டு கரண்டி விட்டுக் கலக்கினால் திடீரென்று வெண்மையாக, பாலேடு மாதிரி இளகிவிடும். முந்திரியை ஊறவைத்து அரைத்தும் செய்யலாம். நிலக்கடலை விழுதும் கெட்டியாக்கும், ஆனால் தட்டில் வேறு எதையும் பேசவிடாது. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் கைவசம் இருந்தால் அதைக் கொட்டாதீர்கள். கடலையிலிருந்து இறங்கிய மாவுச்சத்தும் புரதமும் அதில் இருப்பதால் கொஞ்சம் வற்ற விட்டாலே சாஸுக்கு உடம்பு வந்துவிடும்.

இன்னொரு தப்பு, இது வார்ப்பிரும்பு வைத்திருப்பவர்களுக்கு. ஒரு நாள் தக்காளியும் எலுமிச்சையும் விட்டு அரை மணி நேரம் சாஸைக் கொதிக்க வைத்தேன். சாப்பிட்டால் நாணயத்தை நக்குகிற மாதிரி ருசி. வாணலியின் கறுப்பு மெருகும் திட்டுத் திட்டாகப் போய்விட்டது, எண்ணெய் தடவிச் சூடேற்றி, எண்ணெய் தடவிச் சூடேற்றி மெருகைத் திரும்பக் கொண்டுவர ஒரு வாரம் ஆனது. புளிப்பு இரண்டு மூன்று நிமிடம் இருந்தால் இரும்பு தாங்கும். நீண்ட கொதிக்கு எவர்சில்வருக்கு மாற்றிவிடுங்கள்.

வீகன் விஷயத்தில் என் மானம் போனது ஒரு சாறுக்கட்டியால், தண்ணீரில் கரைத்தால் சாறாகிற ஸ்டாக் க்யூப். அட்டையில் காய்கறிப் படம் போட்டிருந்ததை நம்பி ஒன்றைக் கரைத்து ஊற்றிவிட்டேன். அன்றைக்குத்தான் சாஸ் பிரமாதமாக அமைந்தது. சாப்பிட்டு முடித்து, மகள் மேசையைத் துடைக்கும்போது அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பொருள் பட்டியலில் நான்காவதாகப் பால் பவுடர். ஒன்றும் சொல்லவில்லை, அட்டையை என் பக்கம் திருப்பி வைத்தாள். "சாப்பிட்டாச்சு, விடுங்கப்பா" என்றாள் அப்புறம். எனக்குத்தான் இரண்டு நாள் உறுத்தியது. அதிலிருந்து பின்பக்கம் படிக்காமல் எதையும் வாங்குவதில்லை. ஊஸ்டர்ஷையர் சாஸில் வழக்கமாக நெத்திலி மீன் உண்டு. ஒயின் திராட்சைதானே என்று பார்த்தால், சில ரகங்களைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவோ பால் புரதமோ மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளோ சேர்ப்பார்கள்.

சாறுக்கட்டி போன இடத்தில் உலர்ந்த ஷிடாகே காளான் வந்தது. நான்கைந்து துண்டை வெந்நீரில் அரை மணி ஊறவைத்தால் தேநீர் நிறத்தில் ஒரு சாறு. அதோடு சோயா சாஸும் தக்காளி விழுதும் சேர்ந்தால் யாரும் பால் பவுடரைத் தேட மாட்டார்கள். காரணம் இருக்கிறது. சோயா சாஸிலும் தக்காளியிலும் இருக்கிற ருசிப் பொருள் குளுட்டமேட், உலர்ந்த காளானில் இருப்பது குவானிலேட். தனித்தனியாக இருக்கும்போது தருகிற ருசியைவிட இரண்டும் சேரும்போது ருசி பல மடங்காகத் தெரியும்.

இப்போது நான் செய்கிற முறை இது. காய்கள் தட்டில் இருக்கின்றன, வாணலி அடியில் பழுப்புப் படலம். தீயைக் குறைத்து ஒரு தேக்கரண்டி எண்ணெய், பொடியாக நறுக்கிய மூன்று பல் பூண்டு. அரை நிமிடம்தான், பூண்டு கருகினால் எல்லாம் போச்சு. ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுதைப் போட்டு, செங்கல் நிறத்துக்கு வரும்வரை ஒரு நிமிடம் பிரட்டல். காளான் ஊறிய தண்ணீர் 150 மில்லியை ஊற்றினால் புஸ்ஸென்று ஆவி எழும்பும். உடனே தட்டையான மரக்கரண்டியால் அடியைச் சுரண்ட வேண்டும். படலம் அத்தனையும் இளகி, தண்ணீர் சட்டென்று பழுப்பாகும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ். உப்பு இப்போது வேண்டாம், வற்ற வற்ற உப்பு ஏறும். கரண்டியால் ஒரு கோடு இழுத்தால் அடி ஒரு கணம் தெரிந்து மறைகிற பதம் வரும்போது அடுப்பை அணைத்துவிடுகிறேன். தண்ணீரில் இளக்கிய எள் விழுது இரண்டு தேக்கரண்டி, கலக்கல். வறுத்த காய்களும், இருந்தால் ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையும் உள்ளே போய், இரண்டு புரட்டு. அரை மூடி எலுமிச்சையைப் பரிமாறுகிற கணத்தில்தான் பிழிகிறேன். புளிப்பு பட்ட பச்சைக் காய் சூட்டில் கொஞ்ச நேரத்திலேயே காக்கி நிறமாகிவிடும். சாப்பிடுகிறவர் வருவதற்கு முன்னால் பிழிந்து வைத்து ப்ரோக்கோலியின் முகத்தை வாட வைத்த அனுபவம் உண்டு. இது இரண்டு பேருக்குத் தாராளமாக வரும்.

மிச்சமானால் மறுநாள் அதே வாணலியில் மூடாமல் சூடாக்குங்கள், ஒரு கரண்டி தண்ணீர் விட்டால் சாஸ் திரும்ப இளகும். முறுகல் மட்டும் திரும்பி வராது.

மகள் இப்போது தனியாக வேறு ஊரில் இருக்கிறாள், வாணலி ஒன்று வாங்கியிருக்கிறாள். போன வாரம் சாயங்காலம் அழைத்தாள். பேசவில்லை, போனை வாணலிக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறாள் போல, கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"காளானா?" என்றேன்.

"ஆமாம்பா. எண்ணெய் ஊத்தட்டுமா?"

"இன்னும் தண்ணி இருக்கு. பொறு."

இரண்டு பேரும் போனில் ஒன்றும் பேசாமல் காத்திருந்தோம். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். சடசடவென்று சத்தம் மாறியதும், நான் வாயைத் திறப்பதற்குள் அவளே எண்ணெய் புட்டியை எடுக்கிற சத்தம் கேட்டது.